நடமாடும் ஐஸ்கிரீம் விற்பனை: வண்டி, குளிர்பெட்டி, கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தள்ளுவண்டியிலோ வேனிலோ ஐஸ்கிரீம் விற்கத் தொடங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உரிமம், வரி, விலை நிர்ணயம் ஆகியவை ஊருக்கு ஊர் மாறும். அவற்றை விட்டுவிட்டு, எங்கும் மாறாத இயற்பியலையும் இயந்திரங்களையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வண்டியைப் பார்ப்பதா, குளிர்பெட்டியைப் பார்ப்பதா?

குளிர்பெட்டியை. பலர் கண்ணைக் கவரும் ஒரு வேனை வாங்கி, வண்ணம் பூசி, விளக்கு மாட்டி, மீதிப் பணத்தில் கிடைத்த ஃப்ரீசரை உள்ளே வைக்கிறார்கள். வெயில் காலம் தொடங்கியதும் சரக்கு இளகுகிறது. ஒரு நாளைக்கு எவ்வளவு சரக்கு, எத்தனை மணி நேரம், எவ்வளவு வெயிலில் என்பதை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து பெட்டியின் கொள்ளளவு தெரியும். பெட்டியிலிருந்து மின்தேவையும் எடையும் தெரியும். அந்த எடையைச் சுமக்கக்கூடிய வண்டி எது என்பது கடைசியில் வரும் கேள்வி. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொரு கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ள நேரிடும்.

ஐஸ்கிரீமுக்கு உண்மையில் எவ்வளவு குளிர் தேவை?

சேமிக்க -18 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழே. கரண்டியால் அள்ளிக் கொடுக்க -12 முதல் -14 டிகிரி வரை இருந்தால் கை நோகாது. சுவையும் நாக்கில் தெரியும். இயந்திரத்திலிருந்து பிழிந்து தரும் சாஃப்டி வகை -5 முதல் -7 டிகிரியில் வெளிவருகிறது. குச்சி ஐஸும் அடைத்த கப்பும் மட்டும் விற்றால் -18 என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும். அள்ளித் தரும் ஐஸ்கிரீமும் விற்றால் இரண்டு தனி அறைகள் வேண்டும்: சேமிப்புக்கு ஒன்று, பரிமாற ஒன்று.

வெப்பநிலையின் அளவைவிட அதன் ஏற்ற இறக்கமே அதிகம் கெடுக்கிறது. ஐஸ்கிரீமுக்குள் கண்ணுக்குத் தெரியாத பனிப்படிகங்கள் உள்ளன. சிறிது சூடேறும்போது நுண்ணிய படிகங்கள் கரைகின்றன. மறுபடி குளிரும்போது அந்த நீர் புதிய படிகமாகாமல், ஏற்கெனவே இருக்கும் படிகங்களின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டரைத் தாண்டிய படிகங்களை நாக்கு நறநறப்பாக உணரும். உறை பிரிக்காத ஐஸ்கிரீமில் பனித்துகள் படர்ந்து, வடிவம் சற்றே கோணியிருந்தால் அது எங்கோ ஒருமுறை இளகி மீண்டும் உறைந்திருக்கிறது. வாடிக்கையாளர் காரணம் சொல்லமாட்டார். அடுத்த முறை வரமாட்டார்.

வீட்டில் பயன்படுத்தும் ஃப்ரீசரை வண்டியில் ஏற்றினால் என்ன?

நின்ற இடத்தில், சமதளத்தில் இயங்குவதற்காகச் செய்யப்பட்டது அது. தொடர்ந்த அதிர்வில் அதன் செப்புக் குழாய்களின் பற்றவைப்புகள் விரிசல் விட்டு வாயு கசியலாம். வண்டி சரிந்து நின்றால் கம்ப்ரசரின் எண்ணெய் இடம்மாறும். போதாதற்கு, இன்றைய வீட்டு ஃப்ரீசர்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் போன்ற எரியக்கூடிய வாயு. அளவு குறைவுதான் என்றாலும், மூடிய வேனுக்குள் கசிந்தால் காற்றோட்டம் அவசியம்.

அதைவிட முக்கியமான ஒன்று. வண்டியில் உள்ள பெட்டி எதுவானாலும் அதன் வேலை உறைந்ததை உறைந்தபடி காப்பதுதான்; இளகியதை உறையவைப்பது அல்ல. முந்தைய இரவே பெட்டியைக் காலியாக ஓடவிட்டுக் குளிரவைத்து, நன்றாக இறுகிய சரக்கைக் காலையில் மாற்ற வேண்டும். பகலில் சூடான பெட்டிக்குள் சரக்கை அடுக்கிவிட்டுச் சுவிட்சைப் போடுவது, நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருப்பதற்கான வழி.

பெட்டியின் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்?

இதற்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலின் லாபநட்டம் பெரும்பாலும் இந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது.

நீளம் 1.2 மீட்டர், அகலமும் உயரமும் 0.8 மீட்டர் உள்ள பெட்டியின் மொத்தப் பரப்பு 5.12 சதுர மீட்டர். வெளியே 35 டிகிரி, உள்ளே -20 டிகிரி என்றால் வேறுபாடு 55 டிகிரி. சுவரில் 80 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் நுரை, அதாவது தொழிலில் பஃப் என்று சொல்லப்படுவது இருந்தால், உள்ளே நுழையும் வெப்பம் ஏறக்குறைய 85 வாட். அதே பெட்டியை 40 மில்லிமீட்டர் தெர்மாகோலால் செய்தால் அது ஏறக்குறைய 253 வாட். மூன்று மடங்கு! அந்த மூன்று மடங்கையும் நீங்கள் பேட்டரியாகவோ டீசலாகவோ இளகிய சரக்காகவோ தினமும் கட்டிக்கொண்டே இருப்பீர்கள். நுரைக்கு ஒருமுறை செலவழித்தால் போதும்.

கெட்டுப்போகும் உணவை எல்லை கடந்து கொண்டுசெல்வதற்காக 1970-இல் ஜெனீவாவில் உருவான ஏ.டி.பி. உடன்பாடு, உறைந்த உணவு வண்டிகளின் உடற்பகுதிக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு சதுர மீட்டர் வழியாக, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 0.40 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக்கூடாது. மேலே சொன்ன 80 மில்லிமீட்டர் நுரையின் கணக்கு 0.30. தெர்மாகோல் பெட்டியின் கணக்கு 0.90. பெட்டி செய்து தருபவரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள்.

மூடியைத் திறக்கும்போது நுழையும் வெப்பம் இன்னும் கணக்கில் சேரவில்லை. கூட்டமான நாளில் சுவர் வழி வருவதற்குச் சமமாக இன்னொரு பங்கு வரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஆகவே நமது நல்ல பெட்டிக்கே 170 வாட். இந்த எண்ணைக் கீழே மீண்டும் பயன்படுத்துவோம்.

மேலே திறக்கும் பெட்டியா, பக்கவாட்டுக் கதவா? கண்ணாடி மூடி நல்லதா?

மேலே திறப்பதே நல்லது. குளிர்காற்று கனமானது, மேல்மூடியைத் திறந்தாலும் கீழேயே தங்கும். பக்கக் கதவைத் திறந்தால் தண்ணீர்போல் வழிந்து காலடியில் கொட்டிவிடும். கண்ணாடி மூடி சரக்கைக் காட்டும், ஆனால் வெயிலையும் உள்ளே விடும். நிழற்கூரை உள்ள வேனுக்குள் கண்ணாடி சரி. திறந்த வெளித் தள்ளுவண்டிக்குக் கனமான மூடியும், அதன் மேல் ஒட்டிய படங்களும் போதும்.

குளிர்தகடு என்கிறார்களே, அது என்ன?

யூடெக்டிக் தகடு என்பதும் இதுதான். தட்டையான உலோக உறைக்குள் உப்புக் கரைசல். இரவில் மின்இணைப்பில் கம்ப்ரசர் அதை உறையவைக்கிறது. பகலில் அது மெல்ல உருகியபடியே பெட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. வழியில் மின்சாரமே தேவையில்லை. ஓசையும் புகையும் இல்லை. உருகி முடியும் வரை வெப்பநிலை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்பதால், படிகம் வளரும் சிக்கலும் குறைவு. ஒரே சுற்றுப்பாதையில் தினமும் போய்வந்து, இரவில் மின்இணைப்புள்ள இடத்தில் நிறுத்தும் ஒருவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

எடை எவ்வளவு? 23.3 சதவீதச் சமையலுப்புக் கரைசல் -21.1 டிகிரியில் உருகும். ஒரு கிலோ உருக ஏறக்குறைய 235 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். நமது 170 வாட் பெட்டி 10 மணி நேரத்தில் 6,100 கிலோஜூல் வாங்குகிறது. ஆக ஏறக்குறைய 26 கிலோ கரைசல் வேண்டும். உறையின் எடை தனி. ஆனால் -21 டிகிரித் தகட்டை வைத்து -18 டிகிரிப் பெட்டியைக் காப்பதில் இடைவெளி மிகக் குறைவு. அதனால் இன்னும் தாழ்ந்த உருகுநிலை கொண்ட கரைசல் நிரப்பிய தகடுகளையே கேட்டு வாங்குங்கள்.

அதன் குறை ஒன்று: இரவில் மின்சாரம் நின்றுவிட்டால் மறுநாள் விற்பனை இல்லை. தகட்டை முழுதாக உறையவைக்கப் பல மணி நேரம் ஆகும். காலையில் அவசரமாக ஒரு மணி நேரம் போட்டு ஈடுகட்ட முடியாது.

உலர் பனிக்கட்டி பயன்படுத்தலாமா?

தள்ளுவண்டிக்கும் ஒருநாள் விழாக்களுக்கும் மிக நல்லது. திண்ம கார்பன் டை ஆக்சைடான இது -78.5 டிகிரியில் நேரடியாக வாயுவாகிறது, தண்ணீர் தேங்காது. அதே 6,100 கிலோஜூலுக்குப் பதினோரு கிலோ போதும். குளிர் கீழே இறங்குவதால் சரக்கின் மேலே வைக்க வேண்டும். இடையில் ஓர் அட்டை போடாவிட்டால் ஐஸ்கிரீம் கல்லாகிவிடும்.

ஆனால் தயவுசெய்து இந்த மூன்றையும் மறக்காதீர்கள். ஒரு கிலோ உலர் பனிக்கட்டி 500 லிட்டருக்கும் மேலான வாயுவாக விரிகிறது. காற்றுப்புகாத பெட்டியில் அடைத்தால் வெடிக்கும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய வேனின் ஓட்டுநர் பகுதியில் சேர்ந்தால் தலைசுற்றலில் தொடங்கி மூச்சுத்திணறலில் முடியும், ஆகவே சன்னல் திறந்திருக்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துபோகும். குழந்தைகள் புகையைப் பார்த்து ஆசைப்பட்டுக் கேட்பார்கள். ஒரு துண்டுகூடக் கொடுக்கக்கூடாது.

பேட்டரியில் ஓட்ட முடியுமா? சோலார் போதுமா?

முடியும். பேட்டரி மின்சாரத்தில் நேரடியாக ஓடும் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின் (டி.சி.) கம்ப்ரசர் உள்ள ஃப்ரீசரைத் தேர்ந்தெடுத்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை. வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால் இன்னும் சிக்கனம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண மாறுமின் (ஏ.சி.) ஃப்ரீசரென்றால் தூய சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும். கம்ப்ரசர் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இன்வெர்ட்டரின் உச்சத் திறனைப் பார்க்காமல் வாங்கினால், ஃப்ரீசர் கிளம்பாமலே நிற்கும்.

இவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் சிறிய கம்ப்ரசர் ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்றும் என்று எச்சரிக்கையாகவே கணக்கிடுவோம். 170 வாட், 10 மணி நேரம், மொத்தம் 1,700 வாட்-மணி. 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி உண்டு. 80 சதவீதம் பயன்படுத்தினால் ஏறத்தாழ 1,020. ஆகவே இரண்டு. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். அதில் 600 வாட்-மணிதான் கைக்கு வரும். ஆகவே மூன்று, எடையோ பல மடங்கு. வண்டியின் ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். மாலையில் வண்டியே கிளம்பாது.

கூரையில் 200 வாட் சோலார் தகடு படுத்திருந்தால், நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக 700 வாட்-மணி அளவில் எதிர்பார்க்கலாம். உதவிதான், முழுத் தீர்வல்ல. சோலாருக்கு வெயில் வேண்டும், ஐஸ்கிரீமுக்கு நிழல் வேண்டும். நின்று விற்கும் வண்டிக்கு நிழலையே தேர்ந்தெடுங்கள்.

ஜெனரேட்டர்?

சாஃப்டி இயந்திரம் இருந்தால் பெரும்பாலும் தவிர்க்க முடியாது. புகைக்குழாய் விற்பனைச் சன்னலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. வேனுக்குள் அதைக் கண்டறியும் கருவி ஒன்றும், கைக்கு எட்டும் தீயணைப்பான் ஒன்றும் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் ஊற்றக்கூடாது.

சாஃப்டி இயந்திரம் வாங்கலாமா?

விற்பனை அதிகம், பார்க்க அழகு, லாபமும் உண்டு. ஆனால் உழைப்பு இரட்டிப்பு. அதைச் சொல்லாமல் விற்பவர்கள்தான் அதிகம்.

மேலே ஒரு கலவைத் தொட்டி. கீழே உறையும் உருளை. அதற்குள் சுழலும் சுரண்டி, உருளையின் சுவரில் உறையும் மெல்லிய படலத்தைத் தொடர்ந்து வழித்தெடுக்கிறது. கலவை தன் எடையால் இறங்கும் இயந்திரத்தில் காற்று குறைவாகச் சேரும். ஐஸ்கிரீம் கனமாக இருக்கும். பம்ப் உள்ள இயந்திரம் கூடுதல் காற்றைச் செலுத்துவதால் மென்மையும் அளவும் கூடும். பம்ப் என்றால் கழற்றிக் கழுவ இன்னும் பல பாகங்கள். புதியவருக்குப் பம்ப் இல்லாததையே சொல்வேன்.

மின்தேவை சாதாரணமாக ஒன்றரை முதல் மூன்று கிலோவாட் வரை. சில பெரிய வேன்களில் வண்டியின் என்ஜினே பட்டை வழியாக இயந்திரத்தை ஓட்டுகிறது. அப்போது விற்கும் நேரமெல்லாம் என்ஜின் ஓட வேண்டும்.

தூய்மையில் சலுகை கிடையாது. பால் கலவை 4 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாள் முடிவிலும் கலவையை வடித்து, பாகங்களைக் கழற்றி, தூரிகையால் தேய்த்து, கிருமிநீக்கி ஓடவிட்டு, உணவுத்தர மசகு பூசி மீண்டும் பூட்ட வேண்டும். ரப்பர் வளையங்களின் இடுக்கில் தங்கும் பால்தான் நோயின் ஊற்று. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா உறைகுளிரில் சாகாது. குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலையில் வளரவும் செய்யும். கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது உயிருக்கே ஆபத்து. தானே சூடேற்றிக் கிருமி நீக்கும் வகை இயந்திரங்களில் கழற்றும் இடைவெளி நீளும். அதையும் தயாரிப்பாளர் கையேடு சொல்வதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்டாதீர்கள்.

எந்த வண்டி யாருக்குப் பொருந்தும்?

தள்ளுவண்டி: பூங்கா, கடற்கரை நடைபாதை, திருமண மண்டபம். சக்கரத்தின் விட்டம் பெரிதாக இருந்தால் மேடுபள்ளத்தில் தள்ளுவது எளிது. நிறுத்துத்தடை கட்டாயம் வேண்டும்.

மூன்று சக்கர மிதிவண்டி: பெட்டி முன்பக்கம் இருந்தால் விற்க வசதி, திருப்பக் கடினம். பெட்டி, சரக்கு, தகடு எல்லாம் சேர்ந்து 100 கிலோவை எளிதில் தாண்டிவிடும். மேடான ஊரில் மின்மோட்டார் இல்லாமல் இதை எடுக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக்தான் முதலில் தோற்கும்.

மூன்று சக்கர மோட்டார் வண்டி: குறுகிய தெருக்களுக்கு ஏற்றது. உயரமான பெட்டியைப் பின்னால் ஏற்றினால் திருப்பத்தில் கவிழும் அபாயம் கூடும். கனமானதைத் தாழ்வாக வையுங்கள்.

வேன்: சாஃப்டி, தண்ணீர்த் தொட்டி, நின்று வேலை செய்யும் உயரம் எல்லாம் வேண்டுமென்றால் இது ஒன்றே. இழுத்துச் செல்லும் டிரெய்லர் மலிவானது, விழாத் திடலுக்கு மிக நல்லது. தெருத்தெருவாகப் போக உதவாது. டிரெய்லரின் எடை சற்றே முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் வேகத்தில் வாலாட்டத் தொடங்கும்.

எடைக் கணக்கை எப்படிப் போடுவது?

எல்லாவற்றையும் நிரப்பி, ஆட்களும் ஏறிய பின் எடைமேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியாகவும் பாருங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. ஃப்ரீசர்கள் எல்லாம் ஒரே பக்கம் வந்தால் வண்டி சாய்ந்து ஓடும். கயிறு போதாது, தரைச்சட்டத்தில் போல்ட்டால் பூட்டுங்கள்.

கைகழுவத் தொட்டி அவசியமா?

ஆம். உறையிட்ட சரக்கு மட்டுமே விற்றாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கைதான் பணத்தையும் தொடுகிறது. கழிவுநீர்த் தொட்டி நல்ல நீர்த் தொட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழிவு தெருவில் வழியும்.

ஸ்கூப் கரண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

இரண்டு வகை. விசையை அமுக்கினால் உருண்டையைத் தள்ளிவிடும் கரண்டியின் மேல் ஓர் எண் இருக்கும்: ஓர் அமெரிக்கக் குவார்ட்டில், அதாவது 946 மில்லிலிட்டரில் எத்தனை உருண்டை என்பது அது. எண் கூடக் கூட உருண்டை சிறிது. 16 என்றால் ஏறக்குறைய 59 மில்லிலிட்டர். விசையில்லாத கனமான அலுமினியக் கரண்டி இன்னொரு வகை. 1930-களில் அமெரிக்காவில் பிறந்தது. கைப்பிடிக்குள் இருக்கும் திரவம் உள்ளங்கைச் சூட்டை முனைக்குக் கடத்துவதால் வெட்டுவது எளிது. அதைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடக்கூடாது.

அழுத்தி அள்ளினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி உருண்டையின் எடை கூடும். 5 லிட்டர்த் தொட்டியில் 60 மில்லிலிட்டர் உருண்டை 83 வரும் என்பது காகிதக் கணக்கு. கையில் அதைவிடக் குறைவாகவே வரும். விலை போடுமுன் ஒரு தொட்டியை எண்ணி அள்ளிப் பாருங்கள்.

மணி, இசை, குழந்தைகள்: பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

இந்த வண்டியை நோக்கி ஓடிவருபவர்கள் குழந்தைகள். சாலையைப் பார்க்காமல் வண்டியை மட்டும் பார்த்து ஓடிவருகிறார்கள். வேறெந்தக் கருவியில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

விற்பனைச் சன்னல் நடைபாதைப் பக்கம் இருக்க வேண்டும். குழந்தைகள் எதிர்ப்பக்கம் நின்றால், திரும்பி வந்து அவர்கள் பக்கமே நிறுத்துங்கள். பின்புறக் கேமராவும், பின்னால் நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கையும், தாழ்வாகப் பார்க்கும் கண்ணாடிகளும் வேண்டும். கேமரா இருந்தாலும் தெருவில் பின்னோக்கி எடுக்காமல் பார்த்துக்கொள்வதே மேல், சுற்றிப் போங்கள். கிளம்புமுன் ஒருமுறை இறங்கி வண்டியைச் சுற்றி நடங்கள். இசையை நிறுத்திய பிறகே விற்கத் தொடங்குங்கள். ஓசையில் குழந்தையின் குரலும் வரும் வண்டியின் ஒலியும் உங்களுக்குக் கேட்காது.

பழைய வண்டி வாங்கும்போது எதைச் சோதிப்பது?

பெட்டியைக் காலியாக ஓடவிட்டு -20 டிகிரிக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். முதலாவது கம்ப்ரசரைச் சொல்லும். இரண்டாவது சுவரைச் சொல்லும். ஓடும்போது வெளிச்சுவரைத் தடவிப் பாருங்கள்: ஓரிடம் மட்டும் சில்லென்று வியர்த்திருந்தால் அங்கே நுரைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. அதை உலர்த்தவே முடியாது. மூடியின் ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்தால் ரப்பர் மாற்ற வேண்டும். வெப்பத்தை வெளியே விடும் பகுதியான கண்டன்சரில் தூசி அப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், தூரிகை போதும்.

விற்பவர் முன்கூட்டியே குளிரவைத்துக் காட்டினால், சூடான நிலையிலிருந்து மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பாதி வழியில் ஃப்ரீசர் நின்றுவிட்டால்?

மூடியைத் திறக்காதீர்கள். நிரம்பிய நல்ல பெட்டி மூடியபடியே சில மணி நேரம் தாங்கும். பாதி காலியான பெட்டி அவ்வளவு தாங்காது. நிழலுக்கு நகர்த்தி, மேலே தடித்த போர்வை போடுங்கள். சரக்குக்கு நடுவே செருகிய வெப்பமானியின் திரை வெளியே தெரியும்படி இருந்தால், திறக்காமலே நிலைமை தெரியும். வாங்க வேண்டிய கருவிகளிலேயே மலிவானதும் மிக அதிகம் உதவுவதும் அதுதான். -18-இலிருந்து -12 வரை ஏறியிருந்தால் உடனே இருப்பிடம் திரும்பி ஆழ்குளிர்ப் பெட்டிக்கு மாற்றுங்கள். தரம் சற்றுக் குறையும், உண்ணலாம். இளகிக் குழைந்த சரக்கை மீண்டும் உறையவைத்து விற்கக்கூடாது. குப்பையில் கொட்டுங்கள், எவ்வளவு கொட்டினீர்கள் என்று எழுதிவையுங்கள். அடுத்த பெட்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க அந்தக் கணக்கு தேவைப்படும்.